சட்டம் கேளுங்கள்: சுவாதீன மனு ஏன் இழுக்கிறது?

கேள்வி: அடமான வீட்டைச் சுவாதீனம் (கைவசம்) எடுக்க, கடன் பாக்கிக்காக வங்கியே அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் தலைமை நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு ஐந்து மாதமாகிறது. 30 நாளில் உத்தரவு வர வேண்டாமா?
— வங்கி அலுவலர், ஈரோடு

பதில்: வர வேண்டும். 2016 திருத்தப்படி 30 நாள். காரணத்தை எழுதிவைத்தால் மொத்தம் 60 நாள் வரை போகலாம். ஆனால் கெடு தவறினால் என்ன என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 2020-ல் சி. பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் கெடு கட்டாயமல்ல, அது தாண்டினாலும் உத்தரவு போடும் அதிகாரம் போய்விடாது என்று சொல்லிவிட்டது.

நீதிமன்றத்தைக் குறை சொல்லும் முன் உங்கள் மனுக் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். பாதித் தாமதம் அங்கேதான் இருக்கும். 14-ஆம் பிரிவு கேட்கும் பிரமாணப் பத்திரத்தில் ஒன்பது விவரங்கள் வேண்டும்: கடன் தொகையும் மனுத் தேதியில் மொத்த பாக்கியும், செல்லுபடியாகும் அடமானமும் காலவரம்பும், சொத்துப் பட்டியல், தவணை தவறியது, வாராக்கடனாக வகைப்படுத்தியது, பாக்கியைக் கட்டச் சொல்லி அனுப்பிய 60 நாள் நோட்டீஸ், அதற்கு வந்த ஆட்சேபணைக்குத் தந்த பதில், அதன் பிறகும் பணம் கட்டாதது, சட்டத்தையும் விதிகளையும் பின்பற்றியது. ஆட்சேபணை வந்து 15 நாளுக்குள் பதில் போகவில்லை என்றால் ஏழாவது விவரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மனு ரிட்டர்ன் ஆக அடிக்கடி காரணம், சொத்து விவரம். அடமானப் பத்திரத்தில் பழைய சர்வே எண், நோட்டீஸில் உட்பிரிவு எண், மனுவில் கதவு எண் மட்டும் என்று இருந்தால் நடுவர் எதை நம்புவார்? நான்கு எல்லைகளையும் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஜாமீன்தாருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஆதாரம் இல்லாததும், கடன்தாரர் இறந்தபின் வாரிசுகளுக்கு அனுப்பாததும் அடுத்தடுத்த ஓட்டைகள்.

இன்னொன்று: அந்த 30, 60 நாள் உத்தரவுக்குத்தான். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் போய்ச் சாவி வாங்கித் தர சட்டத்தில் கெடு கிடையாது. உண்மையில் மாதங்கள் கரைவது இங்கேதான். பூட்டை உடைக்க அனுமதி, போலீஸ் பாதுகாப்பு, உள்ளே இருக்கும் சாமான்களுக்குப் பட்டியல் எல்லாவற்றையும் முதல் மனுவிலேயே கேளுங்கள். ஆணையர் கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பினால், அதற்கென்று ஒரு மனு, அதற்கொரு வாய்தா. ஆணையர் கட்டணத்தை உத்தரவான வாரமே கட்டுங்கள்.

மாவட்ட ஆட்சியரிடமும் போகலாம். சென்னையில் தலைமைப் பெருநகர நடுவருக்கு உள்ள அதே அதிகாரம் மற்ற ஊர்களில் தலைமை நீதித்துறை நடுவருக்கும் உண்டு என்பது 2019-ல் முடிவானது. காலி மனைக்கு வருவாய்த் துறை வழி நல்லது: தாசில்தார் வந்தால் அளவை வேலையும் சேர்ந்து முடியும். ஆனால் தேர்தல், வெள்ளம் என்றால் உங்கள் கோப்பு அடியில் போகும். எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லையென்றால், இத்தனை நாளுக்குள் முடிக்கச் சொல்லுமாறு உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கான உத்தரவு 60 நாள் கழித்தே வந்தது. அது செல்லாதுதானே?
— கடன்தாரர், திண்டுக்கல்

பதில்: செல்லும். மேலே சொன்ன தீர்ப்பேதான் காரணம். வட்டிக் கணக்கு தவறு, நோட்டீஸே வரவில்லை என்று நடுவரிடம் வாதாடியும் பயனில்லை. தகராறைத் தீர்ப்பது அவர் வேலையல்ல. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில், வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். முழு பாக்கியையும் செலவோடு கட்டி மீட்பதானால் ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே கட்டிவிடுங்கள். வெளியான பிறகு அந்த உரிமை இல்லை.

கேள்வி: நான் வாடகைக்கு இருக்கும் வீட்டை வங்கி எடுக்கிறதாம். காலி செய்தாக வேண்டுமா?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் வாடகை அடமானத்துக்கு முந்தையதா என்பதே முதல் கேள்வி. முந்தைய தேதியிட்ட ஒப்பந்தம், வாடகை ரசீது, வங்கிக் கணக்கில் வாடகை போன பதிவு ஆகியவற்றோடு தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவான பத்திரம் வேண்டும்.