பழைய ஆட்டோகேட் விண்டோஸ் 11-ல் ஓடுமா, புதுசு வாங்கியே ஆக வேண்டுமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் சின்ன அலுவலகம் நடத்துகிறவர் என்று தெரிகிறது. பெரிய கம்பெனியாக இருந்தால் ஐடி ஆட்களே வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

கேட்டதற்கு முதலில் பதில். கட்டிட டிராயிங் போடும் சாஃப்ட்வேரான ஆட்டோகேட்டின் 2023 பதிப்பில், சிஸ்டம் தேவைப் பட்டியலிலேயே விண்டோஸ் 11 இருக்கிறது. அதற்கு முந்தையவற்றிலும் பல ஓடத்தான் செய்கின்றன, ஓடாமல் போனால் கேட்க ஆள் கிடையாது, அவ்வளவுதான். 32-பிட் சிடியைப் பத்திரமாக வைத்திருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை, அந்த இன்ஸ்டாலர் 64-பிட் விண்டோஸைக் கண்டதுமே நின்றுவிடும்.

இனி நான் எழுத வந்த விஷயம். சாஃப்ட்வேர் எப்படியும் ஏறிவிடும். அதைச் சுற்றி நீங்கள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பது தானாக ஏறாது.

நான் கோயம்புத்தூரில் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டிடம் டிராஃப்டிங் செய்கிறேன். ஐடிஐ சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு, ஆட்டோகேட் ரிலீஸ் 14 காலத்திலிருந்து இதே வேலை. நம்ம ஊரில் விண்டோஸை மட்டும் தனியாக யாரும் மாற்றுவதில்லை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எங்களிடம் இருந்ததோ நாலாம் தலைமுறை ஐ5. ஆக புது சிஸ்டம் வந்தது, அதோடு விண்டோஸ் 11 வந்தது, ஆட்டோகேட்டும் புதுசாக வந்தது. மூன்றும் ஒரே வாரத்தில்.

சிஸ்டம் போட வந்த பையனிடம், "சி டிரைவில் என் ஃபோல்டர் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டுப் பிறகு தொடு" என்று சொன்னேன். "டேட்டா எல்லாம் டி டிரைவ்லதானுங்க மேடம் இருக்கு" என்றவன், நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டான். டிராயிங் ஃபைல்கள் எல்லாம் பத்திரம். போனது லிஸ்ப் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் குட்டிப் புரோகிராம்கள்), பேனா தடிமன் வைத்த சிடிபி ஃபைல், சுருக்கக் கட்டளைகள் இருந்த பிஜிபி ஃபைல், ஃபான்ட்டுகள்.

அந்த லிஸ்ப்பில் ஒன்று பீம் செக்ஷன் போடுவது. அகலம், ஆழம், கவர், மேலே எத்தனை கம்பி, கீழே எத்தனை கம்பி என்று கேட்கும். பதில் சொன்னால் ரிங்கோடு செக்ஷன் வந்து உட்காரும், மார்க் நம்பரும் அதுவே போட்டுக்கொள்ளும். எங்களிடம் முன்பு இருந்த ஒரு அண்ணன் எழுதியது. அவர் இப்போது ஷார்ஜாவில். போன் செய்தேன், சிரித்தார், வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கே அவரும் அதைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். வெறும் டெக்ஸ்ட் ஃபைல், ஒரு எழுத்துகூட மாற்றாமல் புதுப் பதிப்பில் ஓடியது. கம்பி அட்டவணை போட விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோ அப்படி ஓடவில்லை. 2010-லிருந்து விபிஏ ஆட்டோகேட்டோடு சேர்ந்து வருவதில்லை, உங்கள் பதிப்புக்கு உரியதைத் தனியாக இறக்கிப் போட வேண்டும். ஏஆர்எக்ஸ் என்று முடியும் கூடுதல் புரோகிராம் ஃபைல் ஏதாவது வைத்திருந்தால் எழுதியவரிடம் புதுப் பதிப்புக்குத் தகுந்ததாக வாங்கிக்கொள்ளுங்கள், பழசு பெரும்பாலும் ஏறாது.

லிஸ்ப்பை ஏற்றும்போது "ஏற்றலாமா, வேண்டாமா" என்று ஓர் எச்சரிக்கை வரும். 2014 பதிப்பிலிருந்து இப்படி. சும்மா பயமுறுத்தல் இல்லை. 2012-ல் லிஸ்ப்பில் எழுதிய ஒரு வைரஸ் பெரு நாட்டில் பரவி, ஆயிரக்கணக்கான டிராயிங்குகளைச் சீனாவில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. தொந்தரவாக இருக்கிறதென்று எச்சரிக்கையையே அணைத்துவிடாதீர்கள், ட்ரஸ்டெட் பாத்ஸ் என்ற நம்பகமான ஃபோல்டர் பட்டியலில் உங்கள் ஃபோல்டரை மட்டும் சேர்த்தால் போதும்.

எங்களை மானங்கெடுத்தது ஃபான்ட்தான். சைட்டுக்குப் போகும் டிராயிங்கில் குறிப்புகளைத் தமிழில்தான் போடுவோம், மேஸ்திரி படிக்க வேண்டுமே. பழைய டிராயிங் எல்லாம் பாமினியில் அடித்தவை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட் அது, அது இல்லாத சிஸ்டத்தில் அடித்ததெல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரியும். புது சிஸ்டத்தில் பாமினி இல்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஓர் அஸ்திவார (ஃபூட்டிங்) டிராயிங்கை அதில் திறந்து, பிடிஎஃப் எடுத்து, அப்படியே சைட்டுக்கு அனுப்பிவிட்டான். மேஸ்திரி கூப்பிட்டார்: "ஏனுங்க மேடம், குறிப்பு பூராவும் இங்கிலீஸ்ல வந்திருக்குதுங்க, என்னன்னே தெரியலைங்க." போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எஃப், கே, ஒரு அரைப்புள்ளி, ஜி, பி. பாமினி விசைப்பலகை கைக்குப் பழகியவள் என்பதால் உடனே புரிந்தது, அது 'கம்பி'. மொத்தக் குறிப்பையும் அப்படியே போனில் படித்துக் காட்டினேன். கான்கிரீட் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

யூனிகோடில்தான் அடித்திருக்கிறேன், எனக்குக் கவலை இல்லை என்பீர்கள். லதா ஃபான்ட்டில் அடித்திருந்தால் கவலை இருக்கிறது. விண்டோஸ் 10, 11-ல் லதா தானாக இருக்காது, விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய்த் தமிழுக்கான கூடுதல் ஃபான்ட்டுகளை ஏற்ற வேண்டும்.

ஆகவே பழைய சிஸ்டம் உயிரோடு இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள். ஆட்டோகேட்டில் ஸ்டைல்ஸ்மேனேஜர் என்று கட்டளை அடித்தால் சிடிபி இருக்கும் ஃபோல்டர் திறக்கும், முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் பகுதியில் சப்போர்ட் பாத் என்று எவையெல்லாம் இருக்கின்றனவோ அத்தனையும் எடுங்கள். உங்கள் அமைப்புகள் அடங்கிய புரொஃபைலை ஏஆர்ஜி ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள். நாலைந்து முக்கியமான டிராயிங்குக்கு ஈ-டிரான்ஸ்மிட் (டிராயிங்கையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகக் கட்டும் கட்டளை) போட்டு, ஃபான்ட்டும் சேர்த்து ஜிப் எடுங்கள். பெரிய தாளில் பிரிண்ட் போடும் பிளாட்டர் பழசென்றால் புது விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று சிஸ்டம் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். எங்களுக்கு இல்லை. இன்றைக்கும் பிடிஎஃப் எடுத்து, பென்டிரைவில் பழைய சிஸ்டத்துக்குக் கொண்டுபோய்த்தான் பிளாட் போடுகிறோம். அப்புறம், நீங்கள் டிராயிங் அனுப்பும் ஆர்க்கிடெக்ட் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்று கேட்டு, சேவ் செய்யும் வடிவத்தை அதற்குத் தக்கபடி வையுங்கள். 2018 வடிவத்தில் சேவ் ஆன ஃபைல் 2017-ல் திறக்காது.

"கிராக் போட்டால் முடிந்தது, இதற்கு இவ்வளவு பேச்சா" என்று கீழே யாராவது எழுத வருவீர்கள், தெரியும். உங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் கிராக் போட்டாலும் பாமினி வராது. "முப்பரிமாண பிம் மாடல் காலத்தில் இன்னும் டூடி-யா" என்பவர்களுக்கு: எங்கள் மேஸ்திரி கையில் இருப்பது ஏ3 தாள், கம்பி கட்டுவது அதைப் பார்த்துத்தான்.

பணம் என்று பார்த்தால், தனி ஆட்டோகேட்டுக்கு நிரந்தர லைசென்ஸ் விற்பது 2016 ஜனவரியோடு நின்றுவிட்டது, இப்போது சந்தா. உங்கள் வேலை டூடி மட்டும்தான் என்றால் ஆட்டோகேட் எல்டி என்ற எளிய பதிப்பு போதும். 2024-லிருந்து எல்டியிலும் லிஸ்ப் ஓடுகிறது, இது பல டீலர்கள் வாயில் வராது. சந்தாவே வேண்டாம் என்றால் ஆட்டோகேட் மாதிரியே உள்ள வேறு கம்பெனி சாஃப்ட்வேர்களான பிரிக்ஸ்கேட், இசட்-டபிள்யூ-கேட் இரண்டும் நிரந்தர லைசென்ஸ் தருகின்றன.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த மாற்றத்தோடு டைட்டில் பிளாக்கையும், அதாவது டிராயிங் தாளில் பெயர் விவரம் போடும் கட்டத்தையும், புதுசாக்கினார்கள். பழையதில் 'வரைந்தவர்' என்று ஒரு குட்டிக் கட்டம் உண்டு, என் இனிஷியல் அதில் இருக்கும். புதியதில் 'டிசைன்', 'அப்ரூவ்ட்' இரண்டுதான். கேட்டதற்கு இடம் பற்றவில்லை என்றார்கள். லோகோவைப் பெரிதாக்க இடம் பற்றியது. கையெழுத்துப் போட எனக்கு லைசென்ஸ் இல்லை, சரி, அதைக் கேட்கவும் இல்லை. கம்பி மாறியிருந்தால் சைட்டிலிருந்து முதல் போன் யாருக்கு வருகிறது?

சரி. டீலர் டெமோ காட்ட வந்தால் அவர் கொண்டுவரும் அழகான வில்லா டிராயிங்கைத் திறக்க விடாதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய, கனமான, தமிழ்க் குறிப்பும் பத்து எக்ஸ்ரெஃபும் (வெளியிலிருந்து இணைத்த டிராயிங்) உள்ள ஃபைலைக் கொடுத்து, அவருடைய லேப்டாப்பிலேயே திறந்து பிளாட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.