கேன்ட்ரிக்கு ஏசிபி ஷீட் போதுமா?

கேள்வி: கணினிக் கட்டுப்பாட்டில் வெட்டும் சிஎன்சி ரவுட்டருக்கு 1 மீட்டர் கேன்ட்ரி (வெட்டும் தலையைத் தாங்கும் குறுக்குப் பாலம்) செய்கிறேன். விளம்பரப் பலகைக்கான 4 மி.மீ. ஏசிபி ஷீட்டுகளை (இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தவை) அடுக்கி ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அதன் நடுவே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன். தொடர்ந்து பளு ஏறினால் மெல்ல மெல்லத் தொய்யும். அடுக்கி ஒட்டினாலும் பசை பிடிப்பது பெயின்டைத்தான், உலோகத்தை அல்ல.

கனமீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள 20 மி.மீ. பிவிசி ஃபோமின் (கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை) இருபுறமும் 1 மி.மீ. அலுமினியத் தகடு ஒட்டுங்கள். வளைவை எதிர்க்கும் விறைப்பு, தகடுகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். கணக்குப்படி இதற்கு ஈடான கெட்டி அலுமினியத் தகடு கிட்டத்தட்ட 14 மி.மீ. இருக்க வேண்டும். அது சதுர மீட்டருக்கு 37 கிலோ. இது பசை நீங்கலாக 7 கிலோ. ஆனால் ஃபோம் பக்கவாட்டில் நெளிவதால் இந்த ஆதாயம் முழுதாகக் கைக்கு வராது. அதனால் ஒற்றைப் பலகையை நம்பாதீர்கள். நான்கு பக்கமும் மூடிய பெட்டியாகக் கட்டி, இரு முனைகளிலும் நடுவிலும் குறுக்குத் தடுப்பு வையுங்கள். திறந்த சட்டம் முறுக்கு விசைக்கு எளிதில் இடம்கொடுத்துவிடும்.

தகட்டை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, தாமதிக்காமல் ஒட்டவும். எபாக்சிப் பசையின் இரு பாகங்களையும் எடைபோட்டே கலக்கவும். தடித்த கண்ணாடி அல்லது கிரானைட் மேல் வைத்து இறுக விடுங்கள். அடித்தளம் கோணினால் அந்தக் கோணல் பலகையில் நிரந்தரமாகிவிடும்.

கேள்வி: போல்ட்டை முடுக்கினால் தகடு குழிகிறதே?

பதில்: குழியத்தான் செய்யும். எம்6 போல்ட்டை நன்றாக முடுக்கினால் ஏறத்தாழ 1 டன் அழுத்தம். சாதாரண வாஷருக்கு அடியில் உள்ள ஃபோம் பத்துப் பதினைந்து கிலோவிலேயே நசுங்கும். தகடு ஒட்டும் முன்பே, போல்ட் வரும் இடத்தில் ஃபோமை வெட்டியெடுத்து அதே உயரத்தில் அலுமினியக் கட்டை பதியுங்கள். லீனியர் ரயிலுக்கு (வெட்டும் தலை நகர்ந்து ஓடும் எஃகுத் தண்டவாளம்) அடியில் முழு நீளத்துக்கும் 40×20 மி.மீ. அலுமினியப் பட்டை வேண்டும். பட்டை சிறிது உயர்ந்தாலும் அதைச் சுற்றி ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பசை அங்கிருந்துதான் விடும். ஒட்டி முடித்த பலகைக்கு, துளையின் உட்புற ஃபோமைச் சுரண்டி, சிலிக்கா கலந்த எபாக்சி நிரப்பி, மரையுள்ள இன்சர்ட்டை (போல்ட் ஏறும் உலோகக் குழல்) பதிக்கலாம். ஆனால் ரயிலுக்கு இது போதாது.

கேள்வி: அலுமினியத்துக்குப் பதில் கார்பன் ஃபைபர்?

பதில்: விறைப்பு கூடும், எடை குறையும். ஆனால் 10 டிகிரி வெப்பம் ஏறினால் 1 மீட்டர் எஃகு ரயில் 0.12 மி.மீ. நீளும், அலுமினியம் 0.23, கார்பன் மிகச் சொற்பம். ரயிலோடு வரும் நீட்சி வித்தியாசம் அலுமினியம், கார்பன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கார்பன் நேரடியாகத் தொட்டால் உள்ளே பதித்த அலுமினியம் ஈரத்தில் அரிக்கும். இடையே ஒரு அடுக்கு கண்ணாடி இழைத் துணி கட்டாயம்.