பிரிட்டனில் ராணுவக் குடும்ப வீட்டுவசதியைப் பாலினப் பிரச்சினையாகப் பேசுவது ஏன்?

ஒழுகும் கூரையும் பழுதான கொதிகலனும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், அப்படியிருக்கப் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் குடும்பக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசும்போது பாலினம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. வீட்டின் தரம் அதில் வசிக்கும் எல்லோரையும் பாதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கும் தகுதி படையில் பணிபுரியும் ஒருவரை மட்டுமே சார்ந்திருக்கிறது. முழுநேரப் படைகளில் பெண்கள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர்தான் என்பதால், தகுதி பெரும்பாலும் கணவனிடமும், அதை அண்டி வாழும் நிலை மனைவியிடமும் போய்ச் சேருகிறது. சட்டத்தில் எங்கும் ஆண், பெண் என்று எழுதாமலேயே இந்த விளைவு உண்டாகிறது.

நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படைவீரருக்கு வழங்கப்படுவது குடியிருக்கும் அனுமதி மட்டுமே. சாதாரண வாடகைதாரருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதில் கிடையாது. வீட்டுக்கான கட்டணம் அவருடைய சம்பளத்திலிருந்து நேராகப் பிடிக்கப்படுகிறது. உள்ளாட்சி வரிக்குப் பதிலாகச் செலுத்த வேண்டிய தொகையும் அப்படியே பிடிக்கப்படுவதால், மற்ற குடும்பங்களுக்கு வருவதுபோல் அந்த வீட்டு முகவரிக்கு வரிச்சீட்டு எதுவும் வருவதில்லை. திருமணம் முறிந்தால், வீட்டைக் காலி செய்ய மனைவிக்கு 93 நாள் அவகாசம் தரப்படுகிறது. அதன் பிறகும் அவர் வெளியேறாவிட்டால் நீதிமன்ற ஆணை பெற்றுத்தான் வெளியேற்ற முடியும். ஆனால் அந்த இடைக்காலத்தில் அவரிடம் கேட்கப்படும் தொகைக்கு வாடகை என்று பெயரில்லை, அத்துமீறிக் குடியிருப்பதற்கான இழப்பீடு என்று பெயர்.

வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் மையம் ஒன்றில் நான் தன்னார்வலராக உதவி வருகிறேன். அங்கு 93 நாளில் காலி செய்யச் சொல்லும் அறிவிப்புடன் வந்த ஒரு பெண்மணியின் காகிதங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் இதன் முழுக் கனமும் எனக்குப் புரிந்தது. தனியார் வீட்டு உரிமையாளர்கள் கேட்கும் எதுவும் அவரிடம் இல்லை. முந்தைய வாடகை ஒப்பந்தம் கிடையாது, குடியிருப்பு அனுமதி கணவரின் பெயரிலேயே இருந்தது, வரிச்சீட்டு கிடையாது, ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் வேலையை விட்டுவிட்டு வந்ததால் தொடர்ச்சியான ஊதியச் சான்றும் கிடையாது. வீட்டை ஒப்படைக்கும் நாளில், ராணுவக் குடும்பங்கள் 'மார்ச் அவுட்' என்று அழைக்கும் பரிசோதனைக்காக, அடுப்பின் உட்தட்டையும் சன்னல் சட்டங்களின் இடுக்குகளையும் தேய்த்துச் சுத்தம் செய்தவர் அவர்தான். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கணவர் புதிய முகாமுக்கு முன்னதாகவே போய்விடுவார். கறை இருந்தால் பணம் பிடிக்கப்படும் என்பதால் அந்தப் பொறுப்பு மட்டும் தவறாமல் அவரிடம் வந்திருக்கிறது. வன்முறை செய்யும் கணவனிடமிருந்து விலக நினைக்கும் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு இன்னும் எவ்வளவு கொடியது என்பதை விளக்க வேண்டியதில்லை. விலகினால் வீடே கேள்விக்குள்ளாகும் என்ற அச்சமும் அவளுக்குச் சேர்ந்துவிடுகிறது.

இதன் வேர் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், காலாட்படையில் நூறு வீரர்களுக்கு ஏறக்குறைய ஆறு மனைவியரைத்தான் படை தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. அவர்களும் வீரர்களின் பொதுக்கூடத்தின் ஒரு மூலையில் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, படைக்குத் துணி துவைத்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். மற்ற மனைவியருக்கு இடமும் இல்லை, உணவுப் பங்கும் இல்லை. தனிக் குடும்பக் குடியிருப்புகள் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே மெல்லப் பரவின. படையின் பார்வையில் மனைவி என்பவள் வீரனுக்குக் கொடுக்கப்படும் சலுகையின் ஒரு பகுதி என்ற எண்ணம் அப்போது உருவானது. அது பிற்கால விதிகளிலும் தொடர்ந்து வந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

படையில் பணிபுரியும் பெண்களுக்கும் இதே மனப்போக்கு தடையாக இருந்தது. கருவுற்றால் வேலையிலிருந்து நீக்கும் விதி 1990 வரை நடைமுறையில் இருந்தது. பின்னர் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அமைச்சகம் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. தாயாகிவிட்டால் படையில் இருக்கவே முடியாது என்ற நிலையில், குடும்ப வீடுகளைத் திட்டமிட்டவர்கள் வீரர் என்றால் ஆண் என்றே எண்ணியதில் வியப்பில்லை. தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் மீதான தடை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 1999 தீர்ப்புக்குப் பின், 2000 ஜனவரியில்தான் நீங்கியது. அதன் பிறகும், 2005 டிசம்பரில் ஒருபாலின இணைகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த குடிமை இணைவுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, திருமணமானவர்களுக்கு உரிய வீட்டை உரிமையாகக் கேட்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

1996இல் அரசு எடுத்த முடிவு நிலைமையை மேலும் இறுக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 57,000க்கும் மேற்பட்ட குடும்ப வீடுகளை ஆனிங்டன் என்ற தனியார் நிறுவனத்துக்கு 166 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, அவற்றையே அமைச்சகம் திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டது. பராமரிப்புப் பொறுப்பு அரசிடமே நின்றது, மதிப்பு உயர்வின் பலன் நிறுவனத்துக்குப் போனது. இதனால் வரி செலுத்துவோருக்கு 220 கோடி முதல் 420 கோடி பவுண்டு வரை இழப்பு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் மதிப்பிட்டது. 2025 ஜனவரியில் 36,347 வீடுகளை ஏறத்தாழ 600 கோடி பவுண்டு கொடுத்து அரசு திரும்ப வாங்கியது. சொந்த வீடாக இல்லாதவற்றை இடித்துக் கட்டவோ பெரிதாக்கவோ அமைச்சகத்துக்குத் துணிவில்லாமல் போன அந்த ஆண்டுகளில், பூஞ்சை படிந்த அறையில் குழந்தையை வைத்துக்கொண்டு பழுதுபார்ப்பவருக்காகப் பகல் முழுதும் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

இன்னொரு சிக்கல் பதவி. அதிகாரிகளுக்கு வீட்டின் அளவு பதவியைப் பொறுத்தும், மற்ற வீரர்களுக்குக் குடும்ப அளவைப் பொறுத்தும் அமைகிறது. தேவையின் அடிப்படையில் எல்லோருக்கும் வீடு என்று 2023இல் அறிவித்த மாற்றத்தை அதிகாரிகளின் குடும்பங்கள் கடுமையாக எதிர்த்ததால், அந்தப் பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அவர்களுடைய கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடிக்கடி ஊர் மாறுவதால் தன் தொழிலை இழந்த மனைவிக்கு, அந்தப் பெரிய வீடு ஒன்றே கைம்மாறாக இருந்திருக்கிறது. ஆனாலும் நான்கு பிள்ளைகளுடன் இருக்கும் குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுப்பதே சரி என்பது என் கருத்து. இழந்த தொழிலுக்கான ஈடு, மனைவியின் வேலைவாய்ப்புக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் நேரடியாகச் செலவிடப்பட வேண்டும்.

2025 நவம்பரில் வெளியான பாதுகாப்பு வீட்டுவசதித் திட்டம், பத்தாண்டுகளில் 900 கோடி பவுண்டு செலவில் 40,000க்கும் மேற்பட்ட வீடுகளைச் சீரமைக்கப் போவதாகச் சொல்கிறது. நீண்டகால உறவில் வாழ்பவர்களுக்கும், பிள்ளைகளுடன் ஒரே வீட்டில் வசிக்காத பெற்றோருக்கும் தகுதியை விரிவாக்குவதாகவும் அது அறிவித்திருக்கிறது. பிரிந்து வாழும் தந்தை வார இறுதியில் பிள்ளைகளைத் தங்கவைக்க ஓர் அறை கிடைப்பதும் பாலினம் சார்ந்த முன்னேற்றமே. இதை முழு மனதோடு வரவேற்கிறேன். எனினும் தகுதி இன்னமும் படைவீரர் ஒருவர் வழியாகவே வருகிறது. குடியிருப்பு அனுமதியில் துணைவரின் பெயரும் இடம்பெற வேண்டும், அவர் பெயரில் முகவரிச் சான்று வழங்கப்பட வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் 93 நாள் என்பது குறைந்தது ஒரு பள்ளி ஆண்டாக நீள வேண்டும். வீடுகள் மீண்டும் அரசின் கைக்கு வந்துவிட்டதால், இவற்றைச் செய்ய இனி எந்த நிறுவனத்தின் இசைவையும் கேட்க வேண்டியதில்லை.