பயன்படாத பார்க்கிங் இடங்களை வீடுகளாக மாற்ற முடியுமா?

முடியும். தில்லியில் கட்டாயம் செய்யவும் வேண்டும். ஆனால் கட்டடத்தை அல்ல, நிலத்தைப் பாருங்கள்.

பழைய அடுக்குமாடி பார்க்கிங்கை அப்படியே வீடாக்குவது சுலபமில்லை. தளம் எடை தாங்கும், அதில் பயமில்லை. சிக்கல் உயரத்தில். தேசியக் கட்டட விதிப்படி கார் நிறுத்த 2.4 மீட்டர் உயரம் போதும். குடியிருக்கும் அறைக்கு 2.75 வேண்டும். நடுப்பகுதிக்கு வெளிச்சமோ காற்றோ போகாது. வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழாய் இறக்க வழியே விட்டிருக்க மாட்டார்கள். இயந்திர அடுக்கு பார்க்கிங்கில் தளமே கிடையாது, இரும்புச் சட்டமும் கார் ஏற்றும் தட்டும்தான். அதை மறந்துவிடலாம்.

திறந்தவெளி பார்க்கிங்தான் பொன்னான இடம். தில்லி மாஸ்டர் பிளான் 2021 கணக்குப்படி திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், பேஸ்மென்ட்டில் 32. 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கான வீடே 30 சதுர மீட்டருக்குள்தான் இருந்தது!

ஏன் கட்டாயம்? தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதியை 2025 ஜூனில் இடித்தார்கள். சுமார் 370 குடிசைகள், பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். தகுதிப் பட்டியலில் வந்தவர்களுக்கு மட்டும் நரேலாவில் வீடு, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அக்கா முன்பெல்லாம் நடந்தே வருவார். இப்போது இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் முதல் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். அந்த வீட்டு வேலை போய்விட்டது. "வீடு குடுத்தாங்கம்மா, வேலைய யாரு குடுப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பக்கத்திலேயே வீடு தர முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. தில்லி கல்காஜியில் பூமிஹீன் கேம்ப் என்ற குடிசைப் பகுதி மக்களுக்காக, வணிக வளாகத்துக்கென்று ஒதுக்கிக் காலியாகக் கிடந்த பக்கத்து நிலத்தில் டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) 3,024 வீடுகள் கட்டியது. 2022 நவம்பரில் அவை திறக்கப்பட்டன. காலி பார்க்கிங்கிலும் இதையே செய்யலாம்.

மார்க்கெட் பார்க்கிங்கில் கட்டினால் கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள்தான். தரைத்தளத்தைத் தூண் நிறுத்திப் பார்க்கிங்காகவே விட்டுவிட்டு மேலே நாலு மாடி எழுப்பினால் அவர்களுக்கும் நஷ்டமில்லை. விற்கக் கூடாது, குறைந்த வாடகைக்கு மட்டுமே விட வேண்டும். விற்றால் இரண்டு கை மாறி வசதியுள்ளவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். முதல் வீடுகள், அந்த மார்க்கெட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு.