மரை சிதைந்து இறுகிப்போன சைக்கிள் கிராங்கை வெட்டாமல் கழற்ற முடியுமா?

முடியும். இடப்பக்கக் கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் கை) அசையவில்லை, அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் பூட்டித் திருகியபோது கிராங்கின் உள்மரை (திருகுப்புரி) உருவிக்கொண்டு வந்துவிட்டது, கடைக்காரர் கிரைண்டரால் வெட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது அலுமினியக் கிராங்க் பூட்டிய பாவித்த ஜப்பான் சைக்கிளாகத்தான் இருக்க வேண்டும். வயலுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் பழைய இரும்புக் கிராங்கில் உருவிக்கொள்வதற்கு அப்படியொரு மரையே கிடையாது. நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன் அல்லன். ஆயினும் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டாரின் வண்டிகளை நானே கழற்றிப் பூட்டி வருகிறேன், இதே கோளாறை வெட்டாமல் தீர்த்துமிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

என் தங்கையின் மகன் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று சலித்துப்போய், மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு, வாய்க்கு வந்த விலை சொல்லி விற்கப்பட்ட ஒரு ஜப்பான் சைக்கிளை வாங்கினார். குருமண்வெளியில் பாதையேறி, அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறி, மண்டூரில் இறங்குகிற பயணம்; வாவியின் உப்புத் தண்ணீர் தெறிக்கும், மாரியில் வீதி வெள்ளமும் சேரும். இரும்பு அச்சும் அலுமினியக் கிராங்கும் உப்பு நீரில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே அரிக்கப்படும். அந்த அரிப்பில் உண்டாகும் வெண்பொடி இடுக்கை அடைத்து இறுக்கிவிடும். போதாக்குறைக்கு, அச்சின் சதுர முனை சாய்வாகக் கடையப்பட்டிருப்பதால், பிடியில் ஏறிய மண்வெட்டியைப் போல, மிதிக்க மிதிக்கக் கிராங்க் இறுகிக்கொண்டே போகும். எனவே உங்கள் வண்டி இறுகியதில் வியப்பில்லை, அதில் உங்கள் குற்றமும் இல்லை.

அச்சில் 'கடக் கடக்' என்று சத்தம் கேட்கிறதென்று மருமகன் அதை ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பையன் போல்ட்டைக் கழற்றினான், புல்லரைப் பூட்டினான், நீளமான குழாயொன்றை ஸ்பனரில் மாட்டி இழுத்தான். மரை முழுவதும் சுருள் கம்பியாக வெளியே வந்தது. பிறகு சுத்தியலை எடுத்து, "அண்ணன், இன்னொரு அடி போட்டா வந்திரும்" என்று சொன்னானாம். நல்லவேளையாக மருமகன் வண்டியைப் பறித்துக்கொண்டு என்னிடம் வந்தார். துளைக்குள் இருந்த கறுத்த கிரீஸைத் தீக்குச்சியால் வழித்துப் பார்த்தபோது, போல்ட்டின் வொஷர் இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரீஸ் மூடியிருந்தால் வொஷரும் அச்சின் முனையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். புல்லர் தள்ள வேண்டியது அச்சை. அதுவோ வொஷரை ஊடகமாக வைத்துக் கிராங்கையே தள்ளிக்கொண்டும், மறுபக்கத்தில் அதே கிராங்கை இழுத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. அந்தப் போரில் 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெல்லிய அலுமினிய மரை தோற்காமல் என்ன செய்யும்? நீங்களும் முதலில் ஒரு டோர்ச்சை அடித்து அந்தத் துளைக்குள் பாருங்கள்.

மரை போய்விட்டதால் அந்தக் கிராங்கை இனி மரையில் பூட்டும் அந்தப் புல்லரால் கழற்ற முடியாது. அது போகட்டும், காப்பாற்ற வேண்டியவை அச்சும் சட்டகமும். வண்டியை வலப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, துளைக்குள் துருநீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். மறுநாள் மோட்டார் கராஜ் ஒன்றில் இரண்டு கால் புல்லரை இரவல் வாங்கினேன். அதன் கால்கள் கிராங்கின் பின்புறத்தைப் பற்றிக்கொள்ள, நடுத்திருகு அச்சைத் தள்ளும். திருகின் கூர்முனையை அச்சின் துளையில் நேரே வைத்தால் போல்ட் ஏறும் மரை கெட்டுவிடும். துளை 8 மில்லிமீற்றர் என்பதால், 10 மில்லிமீற்றர் போல்ட்டில் ஒரு குட்டைத் துண்டை வெட்டி இடையில் வைத்தேன். திருகு நன்றாக இறுகிய பிறகு, அச்சின் பக்கத்தைத் துணியால் சுற்றிவிட்டு, கிராங்கின் தலையில் கொதிநீரை ஊற்றினேன். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். திருகை இன்னும் கால் சுற்றுத் திருப்பியதும் 'டக்' என்றது. கிராங்க் கையோடு வந்தது. அச்சின் நான்கு முகங்களிலும் சுண்ணாம்பு பூசியதைப்போல் வெண்பொடி.

தீச்சுவாலை பிடித்தால் இன்னும் விரைவாகக் கழலுமே என்று சிலர் எழுதுவார்கள். பெயின்ற் எரிந்து, அச்சின் உள்ளே பிளாஸ்ரிக் இருந்தால் அதுவும் உருகிய பின்னர் அவர்கள் வந்து திருத்தித் தரப் போவதில்லை.

இரண்டு கால் புல்லர் கிடைக்காவிட்டால், போல்ட்டைத் திரும்பப் பூட்டி ஓரிரு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஆளரவமற்ற ஒழுங்கையில் பெடலை அழுத்தி மிதித்து ஓட்டுங்கள். கிராங்க் ஆடி ஆடித் தானாகவே கழன்றுகொள்ளும். போல்ட்டை முழுமையாகக் கழற்றிவிட வேண்டாம், கிராங்க் ஓட்டத்திலேயே விழும். கல்முனை வீதியில் இதைச் செய்யவும் வேண்டாம். சதுரத் துளை உருண்டுவிடும், கிராங்க் பழுதாகிவிடும் என்று கண்டிக்க வருபவர்களுக்கு: மரை போன கிராங்க் ஏற்கெனவே பழுதானதுதான். இதுவும் பலிக்காதபோது இரும்பறுக்கும் வாளால் கிராங்கின் தலையை இரு பக்கமும் அச்சுவரை அறுத்து உளியால் பிளக்கலாம். கிரைண்டரின் கல்லில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். கை தவறினால் அச்சையும் தின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை மறுபக்கமாகச் சுற்றுவது என்பதால், கிராங்கின் போல்ட்டும் அப்படித்தான் என்று எண்ணி இறுக்கித் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சதுர அச்சு வண்டிகளில் இரு பக்கப் போல்ட்டும் கடிகார முள்ளுக்கு எதிராகவே கழலும்.

ஒருவேளை உங்களுடையது கொட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்புப் போன்ற ஊசி) போட்ட இரும்புக் கிராங்க் என்றால், நட்டை முழுமையாகக் கழற்றாமல் பின்னின் நுனியோடு மட்டமாக நிறுத்தி, கிராங்கின் அடியில் ஒரு குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக்கொடுத்து, கனமான சுத்தியலால் நேராக ஓங்கி அடியுங்கள். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி முழுவதும் அச்சைச் சுழலவிடும் குண்டுகளான போல்ஸுக்குத்தான் போகும். தட்டித் தட்டி அடித்தாலோ பின் வளைந்து, துளையிட்டு எடுக்கும் நிலை வரும்.

புதிய கிராங்க் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பின்புறத்தில், பெடல் துளைக்கு அருகே 165, 170 என்று மில்லிமீற்றரில் நீளம் பொறித்திருக்கும். வலப்பக்கத்தோடு அது ஒத்துவர வேண்டும். சதுர முனையிலும் ஜப்பானிய அளவு, சர்வதேச அளவு என இரண்டு உண்டு, உங்களுக்கு வேண்டியது முன்னையது. பூட்டும்போது சதுர முகத்தில் கிரீஸ் பூசக் கூடாதென்பது ஒரு கட்சி. உப்புக் காற்றில் வாழ்கிற நான் மெல்லியதாகப் பூசுகிறேன், அவர்களோடு வாதிட விருப்பமில்லை. போல்ட்டை 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் வரை, அதாவது ஓரடி நீளக் கைப்பிடியில் நன்றாகப் பாரம் கொடுத்து இறுக்கி, சில கிலோமீற்றர் ஓடிய பிறகு தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பூட்டுமுன் வொஷரைப் போட மறக்க வேண்டாம்.