வாசகர் கேள்வி பதில்: மான்செஸ்டருக்கு வந்த ஜெர்மன்காரர்

போன இதழ்ல ஒருத்தர், வெளிநாட்டுக்குப் போய் ஆடின ஜெர்மன் கோல்கீப்பர்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் யாருன்னு கேட்டிருந்தார், நான் பெர்ட் டிராட்மன்னு ஒரே ஒரு பேர எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அது தப்புன்னு இப்ப தெரியுது. வந்திருக்கிற கடிதம், மெயில்ல பாதிக்கு மேல அவரப் பத்திதான், அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அவருக்கே, மத்தவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: கழுத்து எலும்பு உடைஞ்ச பிறகும் ஃபைனல் மேட்ச முழுசா ஆடினவர்தானே சார்? அது நிஜமா, இல்ல பின்னாடி பெருசாக்கிச் சொன்ன கதையா? (வாசகர், மதுரை)

நிஜம்தான். 1956 மே 5, லண்டன் வெம்பிளி ஸ்டேடியம், இங்கிலாந்து கிளப்புங்க மோதுற எஃப்ஏ கப் ஃபைனல், டிராட்மன் ஆடின மான்செஸ்டர் சிட்டிக்கும் பர்மிங்ஹாம் சிட்டிக்கும் மேட்ச். மான்செஸ்டர் சிட்டி 3-1னு முன்னாடி நிக்குது, இன்னும் ஒரு 17 நிமிஷம்தான் பாக்கி. பர்மிங்ஹாம் ஃபார்வர்ட் பீட்டர் மர்ஃபி பால எடுத்துக்கிட்டு நேரா உள்ள வர்றார், டிராட்மன் எப்பவும் செய்ற மாதிரியே தலையக் குடுத்து காலடில பாய்ஞ்சு பால அமுக்கிட்டார், ஓடி வந்த வேகத்துல மர்ஃபியோட முட்டி வந்து அவர் கழுத்துல இடிச்சிருச்சு. கோல்கீப்பரா நின்னவங்களுக்குத் தெரியும், அந்த டைவ்ல கை ரெண்டும் பால்மேல இருக்கும், கழுத்தக் காப்பாத்திக்க எதுவுமே மிச்சம் இருக்காது.

அந்தக் காலத்துல சப்ஸ்டிட்யூட் கிடையாது. கீப்பர் வெளிய போனா ஃபீல்டுல ஆடுற ஒருத்தரக் கூப்பிட்டு கோல்ல நிறுத்திட்டு மீதிப் பேர் பத்து பேரா ஆடணும். டீம்ல அதுக்கு யோசன நடந்துச்சு, இவர் முடியாதுன்னுட்டார். எந்திரிச்சு நின்னு கழுத்தக் கையால பிடிச்சுக்கிட்டே மீதி நேரத்த ஆடி முடிச்சார், சும்மா நிக்கவும் இல்ல, நடுவுல மறுபடியும் பாய்ஞ்சு பால பிடிச்சார், ஒருதடவ சொந்த டீம் டிஃபென்டரோடயே மோதி திரும்பவும் விழுந்தார். எல்லாம் மூடுபனிக்குள்ள நடந்த மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்கார். மெடல் வாங்கப் படியேறினப்ப கழுத்து கோணலா இருக்கேன்னு இளவரசர் ஃபிலிப்பே கவனிச்சுக் கேட்டார்.

எனக்கு அந்த 17 நிமிஷத்த விட அதுக்கப்புறம் வந்த நாலு நாள்தான் பதறுது. ராத்திரி விருந்துக்குப் போனார், தலையத் திருப்ப முடியல, லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரில சும்மா கழுத்துப் பிடிப்புதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க, இடைல எலும்பு சரிபண்றவர் ஒருத்தர் கழுத்தப் பிடிச்சு இழுத்துத் திருப்பி விட்டிருக்கார், நெனச்சுப் பாருங்க. நாலாவது நாள் மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரில எக்ஸ்ரே எடுத்தப்பதான் தெரிஞ்சுச்சு, கழுத்துல அஞ்சு எலும்பு இடம் மாறியிருக்கு, அதுல ரெண்டாவது எலும்பு ரெண்டா விரிஞ்சிருக்கு. மூணாவது எலும்பு போயி ரெண்டாவதுமேல ஆப்பு மாதிரி இறுக்கிக்கிட்டதாலதான் அதுக்குமேல அசையல, உயிரும் போகல.

கேள்வி: உங்க பதில்ல அவர் பேரப் பாத்துட்டு தேடிப் படிச்சேன். ஹிட்லர் படைல இருந்தவர், அயர்ன் கிராஸ் மெடல் வாங்கினவர். இப்படிப்பட்டவர நாம கொண்டாடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

கேக்க வேண்டிய கேள்வி இதுதான்மா. நீங்க எழுதினதுல தப்பே இல்ல, அப்படியே உண்மை. 1923ல பிரமென் ஊர்ல பிறந்தவர், சின்ன வயசுலயே ஹிட்லரோட சிறுவர் அமைப்புல சேந்தவர், 1941ல விமானப் படைக்குப் போய் அப்புறம் பாராசூட் வீரரா கிழக்கு முனைல சண்ட போட்டார். உக்ரைன்ல ஒரு காட்டுக்குள்ள யூதர்கள வரிசையா நிறுத்திச் சுட்டுத் தள்ளுறத மறைஞ்சிருந்து பாத்திருக்கார், வயசான காலம் வரைக்கும் அவர விடாத விஷயம் அது. அந்த வயசுல எங்களுக்குன்னு சொந்த புத்தி இல்லாம வளத்துட்டாங்கன்னுதான் பேட்டிகள்ல சொல்வார், அதுக்காக அவர் பொறுப்பத் தட்டிக் கழிச்சதாவும் எனக்குத் தோணல.

போர் முடியிற நேரத்துல பிரிட்டிஷ் படைகிட்ட மாட்டினார். பிடிச்ச சிப்பாய் இவரப் பாத்து சொன்ன முதல் வார்த்த, என்ன ஃப்ரிட்ஸ் (ஜெர்மன்காரங்கள பிரிட்டிஷ்காரங்க கூப்பிடுற பட்டப்பேர்), ஒரு டீ சாப்பிடுறியான்னு. சுடப்போறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும். லங்காஷயர்ல ஆஷ்டன் இன் மேக்கர்ஃபீல்ட்ங்கிற ஊர்ல போர்க்கைதி முகாம், 1948 வரைக்கும் அங்க. ஊருக்குத் திரும்பிப் போகலாம்னு சொன்னப்ப போகல, பண்ண வேலை பாத்தார், லிவர்பூல் பக்கம் வெடிக்காத குண்டுகள எடுக்கிற வேலையும் பாத்தார், செயின்ட் ஹெலன்ஸ் டவுன்னு ஒரு சின்ன டீமுக்கு கோல்ல நின்னார். 1949 அக்டோபர்ல மான்செஸ்டர் சிட்டி அவர எடுத்துச்சு.

ஊரே கொதிச்சிருச்சு. குண்டு விழுந்து இடிஞ்ச கட்டடம் இன்னும் அப்படியே நிக்குற ஊரு, மகன பறிகுடுத்த வீடு தெருவுக்குத் தெரு, யூதர்கள் நெறைய வாழ்ற ஊரும்கூட. சுமார் 20,000 பேர் எதிர்த்து ஊர்வலம் போனாங்க, சீசன் டிக்கெட்ட திருப்பிக் குடுப்போம்னு எழுதினாங்க. அவங்க கோவத்த நான் தப்பு சொல்லவே மாட்டேன்.

அப்ப சிட்டி கேப்டன் எரிக் வெஸ்ட்வுட், நார்மண்டில சண்ட போட்டுட்டு வந்தவர், அவர்தான் முதல் நாள் டிரெஸ்ஸிங் ரூம்ல, இந்த ரூமுக்குள்ள போர்லாம் இல்லன்னு சொல்லி கை குடுத்தார். அதவிடப் பெரிய விஷயம் இன்னொருத்தர் செஞ்சது. அலெக்சாண்டர் ஆல்ட்மன், மான்செஸ்டர் யூதர்களோட மதகுரு, நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனில இருந்து ஓடி வந்தவர், பெத்தவங்கள நாஜிகளோட யூதப் படுகொலைல இழந்தவர். அவர் பேப்பர்ல வெளிப்படையா ஒரு கடிதம் எழுதினார், ஜெர்மன்காரங்க கையால நாங்க பட்டது கொடுமைதான், ஆனா அந்தக் குற்றத்துல சம்பந்தப்படாத ஒரு தனி மனுஷன அதுக்காக தண்டிக்க மாட்டோம்னு. அதுக்கப்புறம்தான் ஊர் கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு.

அதனால கொண்டாடலாமான்னா, நான் டிராட்மன கொண்டாடுறப்ப எல்லாம் ஆல்ட்மனையும் சேத்துதான் கொண்டாடுறேன். கழுத்து உடைஞ்ச கதைய உலகமே சொல்லுது, இந்தக் கடிதத்தப் பத்தி யாரும் பேசுறதில்லங்கிறதுதான் என் ஆதங்கம்.

1950 ஜனவரில லண்டன்ல ஃபுல்ஹாம் டீமோட மேட்ச், லண்டன்ல அவருக்கு அதான் முதல் மேட்ச். லண்டனும் குண்டுல நொறுங்கின ஊரு, நாஜின்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. சிட்டி 1-0ன்னு தோத்துச்சு, ஆனா இவர் நிக்காம இருந்திருந்தா எத்தன கோல் விழுந்திருக்கும்னு சொல்ல முடியாத அளவுக்கு ஆட்டம். மேட்ச் முடிஞ்சு இவர் வெளிய போறப்ப கத்தின அதே கூட்டம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது, ரெண்டு டீம் பிளேயர்ஸும் ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு நடுவுல இவர நடக்க விடுறாங்க. 90 நிமிஷம்தான் ஆயிருக்கு.

கேள்வி: நான் காலேஜ் டீம்ல கோல்கீப்பர். ஆட்டத்துல அவர்கிட்ட இருந்து இப்ப கத்துக்கிற மாதிரி ஏதாவது இருக்கா அண்ணா? (வாசகி, சேலம்)

அவரோட த்ரோவப் பத்திப் படிங்க தங்கச்சி. அப்பல்லாம் கீப்பர் கைக்கு பால் வந்தா ஓங்கி உதைச்சு விட்டுருவாங்க, எங்க விழுதோ அங்க ரெண்டு டீமும் முட்டிக்கும். இவர் சின்ன வயசுல பிரமென்ல ஹேண்ட்பால் ஆடினவர், அந்தக் கை பழக்கத்துல பால உருட்டாம தூக்கி, ஓடிக்கிட்டிருக்கிற நம்ம ஆள் கால்ல போய் விழுற மாதிரி நீளமா எறிவார். 1953ல ஹங்கேரி டீம் வெம்பிளிக்கே வந்து இங்கிலாந்த 6-3ன்னு அடிச்சப்ப அவங்க சென்டர் ஃபார்வர்ட் ஹிதெகுட்டி பின்னாடி இறங்கி வந்து ஆடினார்ல, அதப் பாத்து சிட்டில டான் ரெவிய அதே மாதிரி ஆட வச்சாங்க, ரெவி பிளான்னே அதுக்குப் பேர். அந்தப் பிளானே டிராட்மன் கைல இருந்துதான் ஆரம்பிக்கும், அவர் விங் ஹாஃப்க்கு, அதாவது நடுக்களத்துல ஆடுறவருக்கு எறிவார், அங்க இருந்து ரெவிக்கு, எதிர் டீம் திரும்பி நிக்கிறதுக்குள்ள பால் பாதி கிரவுண்ட் தாண்டியிருக்கும். இன்னிக்கு கீப்பர்தான் அட்டாக் ஆரம்பிக்கணும்னு கோச்சுங்க சொல்றாங்களே, அதான் இது.

இன்னொன்னு, அவர மாதிரி தலையக் குடுத்து மட்டும் பாயாதீங்க. அப்ப கீப்பர தோளால இடிக்கவே ரூல்ல இடம் இருந்துச்சு, இப்ப ரூல் உங்கள காப்பாத்துது, பாயுறப்ப கையும் மார்பும் முன்னாடி போகட்டும்.

கேள்வி: இவ்ளோ பெரிய கீப்பர் ஜெர்மனி டீமுக்கு ஒரு மேட்ச்கூட ஆடலயாமே, ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

ஆடல. கோச் செப் ஹெர்பெர்கர் ஜெர்மனி உள்ளூர்ல ஆடுறவங்கள மட்டும்தான் எடுப்பார், இங்கிலாந்துல இருக்கிறவர கூப்பிடுறதுல அரசியல் தலவலியும் இருந்துச்சு. 1952ல ஜெர்மனி கிளப் ஷால்கே இவர வாங்க 1,000 பவுண்ட் தர்றோம்னு கேட்டுச்சு, அதுமாதிரி இருபது மடங்கு பெறுவார்னு சிட்டி திருப்பி அனுப்பிருச்சு. போயிருந்தா கதை வேற. 1954 உலகக் கோப்பைய மேற்கு ஜெர்மனி ஜெயிச்சப்ப கோல்ல நின்னது டோனி டூரெக், இவர் மான்செஸ்டர்ல. 1960ல இங்கிலிஷ் லீக் லெவன்ல, அதாவது லீக் கிளப்புகள்ல இருந்து பொறுக்கி எடுத்த டீம்ல, இவர ஆட வச்சாங்க, சொந்த நாட்டு ஜெர்சி மட்டும் கடைசி வரைக்கும் போடல.

வெளிநாட்டுக்குப் போற ஜெர்மன் கீப்பர்களுக்கு இந்தக் கதவு திறக்க எவ்ளோ காலம் ஆச்சுன்னு பாருங்க. யென்ஸ் லேமன் 2003ல ஆர்சனலுக்குப் போய், அந்த சீசன் லீக்ல 38 மேட்ச்லயும் நின்னு ஒண்ணுகூட தோக்காம கப் வாங்கினார், அப்புறம் 2006 உலகக் கோப்பைக்கு உள்ளூர்ல பயர்ன்ல ஆடின ஆலிவர் கானத் தள்ளி வச்சிட்டு லண்டன்ல ஆடின லேமனதான் எடுத்தாங்க. அர்ஜென்டினாவோட பெனால்டி ஷூட் அவுட்ல சாக்ஸ்குள்ள இருந்து துண்டுச் சீட்ட எடுத்துப் பாத்துப் பாத்து நின்னாரே, அவர்தான். இன்னொரு ஜெர்மன் கீப்பர் டெர் ஸ்டேகன் நெலம வேற மாதிரி கஷ்டம், 2014ல பார்சிலோனாவுக்குப் போனதுல இருந்து ஜெர்மனி டீமோட முதல் கீப்பர் நோயர் பின்னாடியே காத்திருந்து, 2024ல நோயர் விலகி இவர் முறை வந்த அடுத்த மாசமே முட்டில பெரிய காயம். எனக்கு மனசே கேக்கல.

கேள்வி: 1956க்கு அப்புறம் என்ன ஆனார்? (வாசகர், தஞ்சாவூர்)

முதல்ல வீட்டுல இடி விழுந்துச்சு. ஃபைனல் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே, இவர் கழுத்துக் கட்டோட இருக்கிறப்பயே, மூத்த பையன், அஞ்சு வயசு, கார்ல அடிபட்டு இறந்துட்டான். அதுல இருந்து அந்தக் குடும்பம் மீளவே இல்ல, பின்னாடி மனைவியும் பிரிஞ்சுட்டாங்க. அந்த வருஷக் கடைசிலயே திரும்ப வந்து கோல்ல நின்னார். சிட்டிக்காக மட்டும் மொத்தம் 545 மேட்ச். 1964 ஏப்ரல்ல விடை குடுக்கிற மேட்ச்ல சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் ரெண்டு டீம் ஆளுங்களும் ஒரே அணியா ஆடினாங்க, பாபி சார்ல்டன், டெனிஸ் லா எல்லாரும். கணக்குல 47,000 பேர், நிஜத்துல அதுக்கும் மேல வந்திருப்பாங்கன்னு சொல்றாங்க. 15 வருஷம் முன்னாடி இவர் வேண்டாம்னு ஊர்வலம் போன ஊரு.

அப்புறம் ஜெர்மன் கால்பந்து சங்கம் மூலமா பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான்னு போய் கோச்சா வேல பாத்தார். 2004ல பிரிட்டன் ஓபிஇ விருது குடுத்துச்சு, 2013 ஜூலைல ஸ்பெயின்ல வாலென்சியா பக்கத்துல இருந்த வீட்டுல காலமானார், வயசு 89.

கேள்வி: சில இடத்துல பெர்ட்னு போடுறாங்க, சில இடத்துல பெர்ன்ட்னு போடுறாங்க, எது சரி? (வாசகி, புதுச்சேரி)

பெத்தவங்க வச்ச பேர் பெர்ன்ஹார்ட், வீட்டுல பெர்ன்ட். இங்கிலிஷ்காரங்க வாய்ல அது நுழையாம பெர்ட் ஆயிருச்சு. இப்ப ஜெர்மனி பேப்பர்லயே பெர்ட் டிராட்மன்னுதான் எழுதுறாங்க.