'பாஸ்டு அவுட்' என்றதும் அவர் ஏன் குழம்பினார்?

கேள்வி: வேலைக்கான வீடியோ நேர்காணலில் கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டைச் சொல்ல, ஒரு அமெரிக்க அதிகாரியிடம் "ஐ பாஸ்டு அவுட் இன் 2021" என்றேன். அவர் குழம்பிப்போய், "இப்போது உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னது தப்பா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் வேலை விளம்பரங்களே '2021 பாஸ்டு அவுட்' என்றுதான் கேட்கின்றன. ஆனால் அமெரிக்கர் பேச்சில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. 2021-ல் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் அவர் அக்கறையாக விசாரித்திருக்கிறார்.

'பாஸ்', 'அவுட்' இரண்டுக்கும் தனித்தனியாக அர்த்தம் தெரிந்தாலும் சேர்ந்து வரும்போது பிடிபடாது. தமிழிலும் இது உண்டே. 'குழந்தையைப் பார்த்தேன்' என்பது வேறு, 'குழந்தையைப் பார்த்துக்கொண்டேன்' என்பது வேறு. பின்னால் ஒரு 'கொள்' ஒட்டியதும் கண்ணால் பார்ப்பது போய், சோறூட்டித் தூங்கவைப்பது வரை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'அவுட்', 'அப்', 'ஆஃப்' போன்ற குட்டிச் சொற்கள் செய்கின்றன.

சரி, படிப்பு முடிப்பதற்கு அந்தச் சொல் எப்படி வந்தது? பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதை 'பாஸிங் அவுட்' என்பார்கள். சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி மையத்தில் நடக்கும் 'பாஸிங் அவுட் பரேட்' அந்த வழக்குதான். நாம் அதைக் கல்லூரிக்கும் சொல்கிறோம். வெளிநாட்டில் கல்லூரிக்கு அப்படிச் சொன்னால் பெரும்பாலானோருக்குப் புரியாது. அவர்களிடம் "ஐ கிராஜுவேட்டட் இன் 2021" என்று சொல்லுங்கள், போதும்.

மயக்கத்துக்கு 'ஃபெயின்ட்' என்ற சொல்லும் இருக்கிறது. பேச்சில் 'பாஸ் அவுட்' சகஜம். வெயிலில் சுருண்டு விழுந்தாலும், குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தாலும், அலுப்பில் சோபாவிலேயே தூங்கிப்போனாலும் அதுதான். அப்புறம், "பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்" என்று ஆசிரியர் சொன்னால் தாள்களை எல்லோருக்கும் கொடு என்று பொருள். 'பாஸ் அவே'யோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது இறந்துபோவது.

வேலை கிடைத்து அமெரிக்கா போனால் இன்னொரு இடத்திலும் இதைக் கேட்பீர்கள். ரத்தம் எடுக்கும்போது நர்ஸ், "டு யூ ஃபீல் லைக் யூ மைட் பாஸ் அவுட்?" என்பார். தலை சுற்றினால் தயங்காமல் "யெஸ்" சொல்லுங்கள், உடனே படுக்கவைத்துவிடுவார்.